சாவிக்கு வந்தவர்

ஆயாம்மாவை நான் நெருங்கிப் பார்த்தது ஒரு வருடத்துக்கும் குறைவான காலம். 1961 என்று எழுதுகிறேன். 1960இன் கடைசி என்று என் நண்பன் பாரூக் இன்றும் சாதிப்பான். அவன் சொல்வது சரியாக இருக்க வழியில்லை. 1960 டிசம்பரில் மிஷன் பாடசாலைகளை இலங்கை அரசாங்கம் பொறுப்பேற்ற பிறகுதான் எங்களைப் பயிற்றுவித்த மிஸ்ஸுக்கு ஹட்டன் பாடசாலையில் வேலை இல்லாமல் போனது. அவருக்கு வேலை இல்லாமல் போன பிறகுதான் எங்கள் பயிற்சி வகுப்பு தொடங்கியது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் 1961தான் வருகிறது. தேதி விஷயத்தில் எனக்கு இந்தப் பிடிவாதம் உண்டு. வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. தோட்டத்திலும் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நோர்வூட்டுக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்தில் பிள்ளைக்காம்பராவுக்கு அவர்தான் பொறுப்பு. கொழுந்து எடுக்கப் போகும் பெண்கள் காலையில் கைக்குழந்தைகளை அங்கே விட்டுவிட்டு மலைக்கு ஏறுவார்கள். தகரக் கூரை போட்ட ஒரு நீளமான அறை. கூரை மரங்களிலிருந்து பழஞ்சேலைத் தொட்டில்கள் தொங்கும். அவற்றுக்கு நடுவே, குள்ளமாக, அகலமாக, எப்போதும் ஒரு தோள் ஈரமாக, அவர் நடமாடுவார். இடுப்பில் வெற்றிலைச் சுருக்குப்பை. சேலை முந்தானையில் முடிந்த சாவி.

அவரிடம் ஒரே ஒரு குணத்தைத்தான் சொல்லப் போகிறேன். ஒரு விஷயம் தனக்கு விளங்காவிட்டால், 'வெளங்கல' என்று சொல்லிவிடுவார்.

இதெல்லாம் ஒரு குணமா என்று கேட்பவர்கள் தேயிலைத் தோட்டத்தில் வாழ்ந்திருக்க மாட்டார்கள். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். யார் யார் எந்த மலைக்கு, யாருக்கு என்ன வேலை என்று கணக்கப்பிள்ளை சொல்லுவார். கடைசியில், "வெளங்கிச்சா?" என்பார். "வெளங்கிச்சுங்க" என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்லிவிட்டுக் கலைவார்கள். அது கேள்வியே அல்ல. உத்தரவு முடிந்தது, போகலாம் என்று அர்த்தம். விளங்காதவர்கள் போகும் வழியில் பக்கத்தில் நடப்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். பக்கத்தில் நடப்பவருக்கும் விளங்கியிருக்காவிட்டால் முன்னால் போகிறவர் திரும்பும் பக்கம் திரும்புவார்கள். இப்படித்தான் பல பேருடைய வேலை நடந்தது, வாழ்க்கையும் நடந்தது.

அந்தக் கணக்கப்பிள்ளை என் அப்பா. அவர் வாயால் பலமுறை கேட்டிருக்கிறேன். முன்பு ஆயாம்மா கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரு நாள் பெரட்டில் "வெளங்கிச்சா?" என்று அப்பா கேட்க, பின்வரிசையிலிருந்து, "இல்லைங்க ஐயா, வெளங்கல" என்று ஒரு குரல் வந்திருக்கிறது.

"என்னா வெளங்கல?"

"நேத்து மேல் மலைய முடிச்சாச்சுன்னு சொன்னீங்க. இன்னைக்கும் மேல் மலைன்னு சொல்றீங்க. முடிஞ்ச மலையில என்னத்த எடுக்குறது?"

"சொன்னத செய்யி."

"செய்யிறேங்க. வெளங்கிச்சான்னு கேட்டீங்க. அதுக்குச் சொன்னேன்."

வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். சிரித்தவரை அப்பா மறந்துவிட்டார், இவரை மறக்கவில்லை. அதற்குப் பிறகு சில மாதங்களில் அவரைப் பிள்ளைக்காம்பராவுக்கு மாற்றினார். அது தண்டனை என்றுதான் அப்பா நினைத்தார். குழந்தைகள் யாரும் எதையும் சொல்லி, விளங்கிச்சா என்று கேட்பதில்லை, அதனால் அது இருவருக்குமே நிம்மதியாகப் போயிற்று என்று அம்மா சொல்வார்.

தோட்டத்து டிஸ்பென்சர் ஐயாவுக்கு அவரைக் கண்டாலே தலைவலி. குழந்தைக்குக் காய்ச்சல் என்று மருந்து வாங்க வந்தால், "காலையில ஒரு மொடக்கு, ராவைக்கு ஒரு மொடக்கு, வாந்தி எடுத்தா நிறுத்திரு" என்று அவர் மூச்சுவிடாமல் சொல்லுவார். வரிசையில் நிற்பவர்கள் எல்லோருக்கும் அதே வேகம்தான்.

"இன்னொருக்கா சொல்லுங்க ஐயா. வெளங்கல."

"காது கேக்காதா ஒனக்கு?"

"காது நல்லா கேக்குது. வெளங்கலைங்க. வாந்தி எடுத்தா அன்னைக்கு நிறுத்துறதா, மொத்தமா நிறுத்துறதா?"

டிஸ்பென்சர் ஐயா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, யோசித்துவிட்டு, பதில் சொல்லுவார். அந்த யோசனையைப் பார்த்த பிறகுதான் வரிசையில் நின்ற மற்றப் பெண்களுக்கு, டிஸ்பென்சருக்கே அதுவரை அது தெளிவாக இல்லை என்பது தெரியும்.

இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்பதற்கு என் அம்மா ஒரு காரணம் சொல்வார். ஆயாம்மாவின் கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பெரிய டாக்டர் இங்கிலீஷில் ஏதோ சொல்லியிருக்கிறார். பக்கத்தில் நின்ற ஆள் அதைச் சிங்களத்தில் சொல்லியிருக்கிறார். இவர் இரண்டுக்கும், "சரிங்க, சரிங்க" என்று தலையாட்டிவிட்டு, ஆள் நாளைக்கு வீட்டுக்கு வரப்போகிறார் என்று தோட்டத்துக்குத் திரும்பி, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் அக்கம்பக்கம் எல்லோருக்கும் சொல்லி, விடிந்ததும் சோறு ஆக்கி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். அங்கே வெறும் கட்டில்தான் இருந்தது. அந்த ஒரு தலையாட்டலுக்குப் பிறகு இவர் யாருக்கும் தலையாட்டியதில்லை என்பது அம்மாவின் கட்சி. அப்படி இல்லை, சின்னப்பிள்ளையிலிருந்தே அவள் அப்படித்தான் என்று சொன்ன உறவுக்காரர்களையும் நான் சந்தித்திருக்கிறேன். எது சரி என்று எனக்குத் தெரியாது. அவரிடம் நான் கேட்கவில்லை.

இனி வகுப்புக்கு வருகிறேன்.

எனக்கு ஆங்கிலம் நன்றாக வரும். 1956இல் சிங்களம் மட்டுமே அரச மொழியான பிறகு அந்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு இங்கே செய்வதற்கு அதிகம் இல்லை. சிங்களம் பேசுவேன், எழுத வராது. அப்பாவுக்கு ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. ஓய்வு பெற்றால் தோட்டத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். வேறு வீடு எங்களுக்கு எங்கேயும் இல்லை. குடும்பத்துக்குப் பதிவுப் பிரஜாவுரிமை கிடைத்திருந்தது ஒன்றுதான் ஆறுதல். தோட்டத்தில் பெரும்பாலானவர்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை. அந்த நேரத்தில்தான் எத்தியோப்பியாவின் பாடசாலைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்க ஆட்கள் வேண்டும் என்ற செய்தி வந்தது. எங்கள் ஊரில் எல்லோரும் அபிசீனியா என்றுதான் சொன்னார்கள். ஆங்கிலத்தை அந்நிய மொழியாகக் கற்பிக்கும் முறையில் மிஸ் எங்களுக்குப் பயிற்சி கொடுப்பார். முடிவில் கொழும்பிலிருந்து ஒருவர் வந்து பாடம் நடத்தச் சொல்லிப் பார்ப்பார். நாங்கள் நான்கு பேர். இடம் மூன்று.

மிஸ் வேல்ஸ் நாட்டுக்காரர். ஒல்லியானவர், உரத்த குரல். அவருடைய சட்டம் ஒன்றுதான்: பாடம் நடத்துபவர் வாயிலிருந்து ஒரு தமிழ்ச் சொல்லும் வரக்கூடாது. அபிசீனியாவில் உங்கள் தமிழ் யாருக்குப் புரியும் என்பார். பொருளைக் காட்டு, நடித்துக் காட்டு, படம் போடு, திரும்பச் சொல்ல வை. பழகிப் பார்ப்பதற்கு ஆங்கிலம் ஒரு சொல்கூடத் தெரியாத மாணவர்கள் வேண்டும் என்றார். எங்கள் தோட்டத்தை நிர்வகித்த தொரை அனுமதி கொடுத்தார். கொழுந்தைத் தராசில் நிறுத்து முடித்த பின், சாயங்காலம் பிள்ளைக்காம்பராவில் வகுப்பு. போய் உட்காருங்கள் என்று ஆட்களுக்கு உத்தரவானது. பங்களா தோட்டக்காரர், ஸ்டோர் எனும் தேயிலை ஆலையில் வேலை செய்தவர்கள், கொழுந்து எடுக்கும் பெண்கள் என்று ஒரு இருபது பேர் வந்தார்கள். தேத்தண்ணியும் பிஸ்கட்டும் உண்டு.

ஆயாம்மா மாணவர் அல்ல. வகுப்பு முடிந்தால் பூட்ட வேண்டுமே என்று கடைசிச் சுவரோரம் உட்கார்ந்திருப்பார். சாவி அவரிடம் இருந்தது, அவ்வளவுதான்.

தொடக்க நாட்களில் எங்கள் நான்கு பேரையும் விட நல்ல ஆசிரியர்கள் மலைநாட்டில் இல்லை என்றே நாங்கள் நினைத்தோம். கோப்பையைக் காட்டிச் சொன்னால் இருபது பேரும் ஒரே குரலில் திரும்பச் சொன்னார்கள். விளங்கியதா என்று ஆங்கிலத்தில் கேட்டால் இருபது பேரும், "யெஸ் சார்" என்றார்கள். முன்வரிசையில் பங்களா தோட்டக்காரர் கேள்வி முடிவதற்கு முன்பே சொல்லிவிடுவார். மிஸ்ஸுக்குச் சந்தோஷம். பாரூக் ஹட்டன் ஜவுளிக்கடைக்காரரின் மகன். அவனைப் பஸ் ஏற்றிவிடப் போனபோது, "மச்சான், இவங்க அபிசீனியாக்காரங்கள விட கெட்டிக்காரங்க போல" என்றான்.

அடுத்த வாரம் நான் நீலக் கோப்பை, சிவப்புக் கோப்பை என்று நடத்திக்கொண்டிருந்தேன். விளங்கியதா என்றேன். யெஸ் சார் என்றது அறை. அது அடங்கியதும் பின்னாலிருந்து, மடியில் ஒரு குழந்தையைத் தட்டிக்கொண்டே, ஆயாம்மா, "எனக்கு வெளங்கல" என்றார்.

எல்லோரும் திரும்பினார்கள். தோட்டக்காரர், "ஒன்னைய யாரு கேட்டா? நீ படிக்கவா வந்த? சாவிக்கு வந்தவதானே" என்றார்.

"சாவிக்கு வந்தாலும் காதுல விழுதுல்ல? விழுந்தது வெளங்கல."

அவர் என்ன சொன்னார் என்று மிஸ் என்னிடம் கேட்டார். சொன்னேன். மிஸ் தோட்டக்காரரைப் பார்த்து, அந்தச் சிவப்புக் கோப்பையை எடுத்து என்னிடம் கொடுங்கள் என்று மெதுவாக ஆங்கிலத்தில் சொன்னார்.

"யெஸ் மிஸ்" என்றார் தோட்டக்காரர். எழுந்திருக்கவில்லை.

மிஸ் திரும்பச் சொன்னார். "யெஸ் மிஸ்." இப்போது எழுந்து நின்று சொன்னார். மூன்றாம் முறை மிஸ் கேட்டபோது, ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று பயந்து வகுப்பே எழுந்து நின்று, "யெஸ் மிஸ்" என்றது. கோப்பை இருந்த இடத்திலேயே இருந்தது.

அன்று எங்களுக்கு வெட்கமாக இருந்தது. மறு வகுப்பில் மிஸ் எங்கள் நால்வரையும் மட்டும் உட்கார வைத்து, தன் ஊர் மொழியான வெல்ஷில் ஒரு பாடம் நடத்தினார். ஒரு எழுத்தும் எங்களுக்குப் புரியவில்லை. முடிவில் ஏதோ கேட்டார். நாங்கள் நால்வரும், "யெஸ் மிஸ்" என்றோம். அவர் சிரிக்கவில்லை. நாங்களும் அதே பெரட்டுக் களத்துப் பிள்ளைகள்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அதற்குப் பிறகு வகுப்பு ஆயாம்மாவை வைத்து நடந்தது. யாரும் அப்படித் தீர்மானிக்கவில்லை, தானாக நடந்தது. இருபது பேரும் யெஸ் சொன்ன பிறகு எங்கள் கண்கள் கடைசிச் சுவருக்குப் போகும். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே யோசிப்பார். "வெளங்கல" என்றால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். தமிழில் ஒரு சொல் சொன்னால் முடிந்துவிடும், சொல்லக் கூடாது. நான் கதவைத் திறந்து மூடியிருக்கிறேன், தொட்டிலில் படுத்துக் காட்டியிருக்கிறேன், நாய் போல நான்கு காலில் நடந்திருக்கிறேன். என்றைக்காவது அவர் முகம் மெல்ல விரிந்து, "ஆங், வெளங்குது" என்றால், அன்று பாரூக் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது பாட்டுப் பாடுவான். மிஸ்ஸுக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல்லும் அந்த 'வெளங்கல'தான். எங்களுக்கு அவர் விளக்கம் கொடுத்துவிட்டு, "வெலங்கலா?" என்று கேட்பார்.

பாரூக் ஒரு நாள் அவரிடம் பேரம் பேசினான்.

"ஆயாம்மா, இன்னைக்கு எம் பாடத்துக்கு மட்டும் வெளங்குதுன்னு சொல்லிருங்க. கடையில இருந்து நல்ல ரவிக்கத் துணி ஒண்ணு கொண்டாந்து தாறேன்."

"துணி குடுத்தா வாங்கிக்கிறேன் தம்பி. வேணாம்னு சொல்ல மாட்டேன்."

"அப்ப சொல்லுவீங்க?"

"வெளங்குனா சொல்லுவேன். துணிக்கும் அதுக்கும் என்னா இருக்கு?"

அவன் துணியைக் கொண்டுவந்து கொடுத்தான். அவரும் தைத்துப் போட்டுக்கொண்டார். அதைப் போட்டுக்கொண்டே, அவனுடைய அடுத்த பாடம் விளங்கவில்லை என்றார்.

எங்கள் வகுப்பு மட்டும் இல்லை. அதே வருடம், மழை பிடிப்பதற்கு முன், ஹட்டனிலிருந்து ஒரு தொழிற்சங்கப் பேச்சாளர் வந்தார். நல்ல தமிழ். அடுக்கடுக்காக வந்தது. முடிவில், "புரிகிறதா தோழர்களே?" என்றார். கைதட்டல். கைதட்டல் ஓய்ந்ததும் பிள்ளைக்காம்பரா வாசலில் நின்ற ஆயாம்மா, "வெளங்கலைங்க" என்றார்.

"எந்த இடம் அம்மா விளங்கவில்லை?"

"மொதல்ல இருந்துங்க."

பேச்சாளர் கோபப்படவில்லை. ஏறி நின்ற மேசையிலிருந்து இறங்கி வந்து, லயத்துத் தமிழில், வேலைநிறுத்தம் என்றால் என்ன, எத்தனை நாள் ஆகலாம் என்று சொன்னார். அத்தனை நாளும் அரிசிக்கு என்ன வழி என்பது தனக்கே தெரியாது என்றும் சொன்னார். கூட்டம் முதல்தடவையாக உண்மையில் கேட்டது. இரண்டாவது முறை கைதட்டல் குறைவாகத்தான் இருந்தது. போகும்போது அவர், இந்த அம்மாவை நம் கூட்டம் எல்லாவற்றுக்கும் கூட்டிவர வேண்டும், அல்லது ஒன்றுக்கும் கூட்டிவரக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

கொழும்பிலிருந்து பார்வையாளர் வரும் நாள் குறிக்கப்பட்டது. ஆளுக்கு ஒரு பாடம். எனக்கு விழுந்தது எது யாருடையது என்று சொல்லக் கற்பிக்கும் பாடம். முதல் பாதியில் என்னுடையது, உங்களுடையது. இரண்டாம் பாதியில் அவனுடையது, அவளுடையது. இலேசானதாகத் தோன்றும். உண்மையில் இதுதான் மோசமானது. ஆசிரியர் தன் குடையைத் தொட்டு, 'மைன்' என்பார். மாணவரும் அதே குடையைத் தொட்டு, 'மைன்' என்பார். இருபது பேரும் என் குடையைத் தங்களுடையது என்று சொல்வார்கள். ஓசை மிக அழகாக இருக்கும். ஒத்திகையில் ஆயாம்மா அதைக் கேட்டுவிட்டு, "அந்தக் கொடையோட பேரா, இல்ல தம்பியோட பேரா, எதச் சொல்றாங்கன்னு எனக்கு வெளங்கல" என்றார். அன்று என்னால் விளங்கவைக்க முடியவில்லை. அப்படியே வீட்டுக்குப் போனேன்.

அன்று வகுப்பு கலைந்த பிறகு அப்பா பிள்ளைக்காம்பராவுக்குப் போயிருக்கிறார். அம்மாவும் கூடப் போனார். பின்னால் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்பா வாசலிலேயே நின்று, "நாளைக்கு வாயத் தொறக்காத. எல்லாரும் யெஸ்ஸுன்னா நீயும் யெஸ்ஸுன்னு சொல்லு" என்றிருக்கிறார்.

"ஏங்க ஐயா?"

அப்பா வழக்கம்போலச் சொன்னதைச் செய் என்று சொல்லவில்லையாம். "நான் இன்னும் கொஞ்ச நாள்தான் இங்க இருப்பேன். அப்புறம் போறதுக்கு எங்களுக்கு எடமில்ல. இவன் போனாத்தான் உண்டு" என்றாராம்.

ஆயாம்மா சாவியை முந்தானையில் முடிந்துகொண்டே, "அது வெளங்குதுங்க" என்றாராம்.

மறுநாள் பார்வையாளர் வந்தார். நரைத்த மீசை, மடித்த தொப்பி. தொப்பியை மேசை மேல் வைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்தார். மிஸ் அவர் பக்கத்தில். அப்பா வெளியே சன்னல் அருகே. பாரூக்கும் மற்ற இருவரும் ஏற்கனவே நடத்தி முடித்துவிட்டார்கள், நன்றாகவே.

நான் குடையைத் தொட்டேன், கடிகாரத்தைத் தொட்டேன், சொன்னேன். வகுப்பு திரும்பச் சொன்னது. பார்வையாளர் தலையசைத்தார். விளங்கியதா என்றேன்.

"யெஸ் சார்." அதில் ஆயாம்மாவின் குரலும் இருந்தது.

நான் அவரைப் பார்த்தேன். இன்னொரு தடவை தலையாட்டினார், பெரிதாக. மாதக்கணக்காக நான் அந்த முகத்தைப் பார்த்துத்தான் பாடம் நடத்தியிருந்தேன். அதில் ஒன்றும் விரியவில்லை. அவருக்கு விளங்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. அப்படியே மேலே போயிருக்கலாம். நேரம் சரியாக இருந்தது, பார்வையாளர் திருப்தியாக இருந்தார், இரண்டாம் பாதி தயாராக இருந்தது. ஏன் போகவில்லை என்று பலமுறை யோசித்திருக்கிறேன். துணிச்சல் ஒன்றும் இல்லை. அந்த முகத்தைக் கேட்காமல் அடுத்ததற்குப் போய் எனக்குப் பழக்கமில்லை.

பின்சுவர் வரைக்கும் நடந்து போய்க் குடையை நீட்டினேன். இது யாருடையது என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"விடுங்க தம்பி" என்றார் கிசுகிசுப்பாக. "யெஸ்ஸுன்னுட்டேன்ல? போங்க அங்கிட்டு."

நான் போகவில்லை. தமிழில் பேசவும் முடியாது. நின்றேன். சன்னலில் அப்பாவின் முகம் தெரிந்தது. அதைப் பார்க்காமல் இருந்தேன். பார்வையாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.

பிறகு என்ன தோன்றியதோ, குனிந்து ஆயாம்மாவின் பக்கத்தில் கிடந்த வெற்றிலைச் சுருக்குப்பையை எடுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அதைத் தட்டி, "மைன்" என்றேன்.

"ஐயே, அது என்னோடது" என்று எழுந்து பிடுங்கினார்.

நான் என் மார்பைத் தொட்டு, இல்லை என்று தலையசைத்து, அவரைக் காட்டினேன். "யுவர்ஸ்."

பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். முகம் மெல்ல மாறியது. "மைன்" என்றார். குடையை என் கையில் திணித்தார். "யுவர்ஸ்." பாரூக்கிடம் போய், தன் ரவிக்கையைத் தொட்டு, "நீங்க குடுத்தது. இப்ப மைன்" என்றார். வகுப்பு சிரித்தது. கடைசியாக முந்தானையில் முடிந்திருந்த சாவியைப் பிடித்துப் பார்த்தார். யோசித்தார். அப்பா நின்ற சன்னலைப் பார்த்தார். "இது நோ மைன். தோட்டத்தோடது" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இப்ப வெளங்குது. அப்ப வெளங்கல. பொய் சொன்னேன்" என்றார்.

அதன் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. முன்வரிசையில் தோட்டக்காரர் எழுந்து, கைகட்டிக்கொண்டு, "சார், எனக்கும் வெளங்கலைங்க" என்றார். கணக்கப்பிள்ளை சன்னலில் நிற்கும்போதே சொன்னார். அவருக்குப் பின்னால் இன்னொரு பெண். பிறகு ஸ்டோர்க்காரர். பாடத்தின் முதல் பாதி திரும்பத் தொடங்கியது. தொப்பி, வளையல், பிஸ்கட், தொட்டில் என்று அறை முழுவதும் பொருள்கள் கைமாறின. இரண்டாம் பாதிக்கு நான் போகவே இல்லை. நேரம் முடிந்தது.

வெளியே பார்வையாளர் மிஸ்ஸிடம், இவர் பாடத்தை முடிக்கவில்லையே என்று சொல்வது எனக்குக் கேட்டது. மிஸ் ஏதோ பதில் சொன்னார். பார்வையாளர் திரும்பி வந்து, அந்தப் பெண்ணிடம் ஒன்று கேட்க வேண்டும் என்றார். மொழிபெயர்க்க என்னையே நிறுத்தினார். வேறு ஆள் எடுத்திருக்கலாம்; எடுக்கவில்லை.

"இவர் நல்ல ஆசிரியரா என்று கேளுங்கள்."

கேட்டேன்.

ஆயாம்மா, "அது எனக்குத் தெரியாதுங்க. நான் வேற வாத்தியாரப் பாத்ததில்ல" என்றார். பிறகு, "ஆனா என்னைய விட்டுட்டுப் போகல" என்றார்.

'எனக்குத் தெரியாது' என்று அவர் சொன்னதையும் சேர்த்து, ஒன்றையும் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னேன். பார்வையாளர் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தெரிவான மூவரில் நான் இருந்தேன். பாரூக்கும் இருந்தான். விட்டுட்டுப் போகல என்ற அந்த ஒரு வாக்கியத்தால்தான் எனக்கு இடம் கிடைத்தது என்று மிஸ் பின்னால் சொன்னார். அப்பாவும் அம்மாவும் கடைசிக் காலத்தை, நான் அனுப்பிய பணத்தில், ஹட்டனில் ஒரு வாடகை வீட்டில் நிம்மதியாகக் கழித்தார்கள் என்றால் அதற்கும் அதுதான் காரணம். அப்பா ஆயாம்மாவிடம் போய் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. போனார் என்பது மட்டும் தெரியும்.

நான் புறப்பட்டது 1962 தொடக்கத்தில். காலை பஸ்ஸில் ஹட்டன், அங்கிருந்து ரயிலில் கொழும்பு. பெட்டியைப் பாதையில் வைத்துவிட்டுப் பிள்ளைக்காம்பராவுக்கு ஓடினேன். ஆயாம்மா ஒரு குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். போய்வருகிறேன் என்றேன்.

"போறீங்களா? பாதிப் பாடம் நிக்குதே" என்றார்.

"பஸ் வர்ற நேரம், ஆயாம்மா. அது ஒண்ணுமில்ல, அவனோடது, அவளோடது..."

"தமிழ்ல சொல்லாதீங்க" என்று தடுத்தார். "தமிழ்ல சொன்னா எனக்கு இங்கிலீஷு வெளங்குச்சா, தமிழு வெளங்குச்சான்னு தெரியாமப் போயிரும்."

குழந்தையைத் துடைத்துத் தொட்டிலில் போட்டுவிட்டு வந்து என் முன்னால் நின்றார். நான் அந்தக் குழந்தையைக் காட்டி, யாருடையது என்று கேட்டேன். "நோ மைன்." சன்னல் வழியாக மலையைக் காட்டினேன். மேலே கூடைகளோடு பெண்கள் நிரையாக நின்றிருந்தார்கள். குழந்தையையும் அதன் தாயையும் மாறி மாறிக் காட்டி, "ஹர்ஸ்" என்றேன். கீழே போன தோட்டக்காரரையும் அவர் தோளிலிருந்த மம்மட்டியையும் மாறி மாறிக் காட்டி, "ஹிஸ்" என்றேன். இரண்டு மூன்று தடவை என் விரல் போன பக்கமெல்லாம் பார்த்தார். அப்புறம் என் உதவி தேவைப்படவில்லை. ஒவ்வொரு தொட்டிலாகப் போய்க் குழந்தையைப் பார்த்து, சன்னலுக்கு வந்து மலையில் அதன் தாயைத் தேடி, விரலை நீட்டி, "ஹர்ஸ்" என்றார். தலைத்துணியின் நிறத்தை வைத்தே ஒவ்வொருத்தியையும் கண்டுபிடித்தார்.

கடைசித் தொட்டிலுக்கு வந்தபோது மலையைப் பனிமூட்டம் மூடிவிட்டது. அவர் சன்னலோரம் நின்றார். கீழே பஸ் ஹோர்ன் கேட்டது. அந்தத் தாய் அங்கேதான் இருப்பாள் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் கண்ணால் காணாமல் அவர் சொல்லவில்லை. பஸ் மறுபடி ஹோர்ன் அடித்தது. நான் அந்தப் பஸ்ஸை விட்டுவிட்டேன்.

பனி விலகக் கொஞ்ச நேரம் ஆனது. விலகியதும் மேல் வரிசையில் ஒரு மஞ்சள் தலைத்துணி தெரிந்தது. அவர் விரலை நீட்டி, "ஹர்ஸ்" என்றார்.

அடுத்த பஸ்ஸில் போனேன். கொழும்பு ரயில் கிடைத்தது.